ஊரார் வீட்டு நெய்யில் மகப்பேறு விடுப்பு

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பெண்களுக்குக் கிடைத்த நன்மைகள் என்று வாசிக்கப்பட்ட பட்டியலில் 26 வார மகப்பேறு விடுப்பும் இருந்தது. அந்த 26 வாரம் 2017-லேயே வந்துவிட்டது. எட்டு ஆண்டுப் பழைய சலுகையைப் புது உறையில் போட்டுக் கொடுத்ததைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் 2017-ல் விட்ட ஓட்டையையும் அப்படியே பெயர்த்தெடுத்துப் புதிய தொகுப்பில் பதித்திருக்கிறார்களே, அதை எப்படிப் பொறுப்பது? இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டு வளையத்துக்கு வெளியே இருக்கும் பெண்ணுக்கு ஆறு மாதச் சம்பளம் முழுவதையும், அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனமே தரவேண்டும். அரசின் பங்கு ஒரு பைசாகூட இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறிவிட்டு, விருந்து வைத்த பெருமையை மட்டும் டெல்லி எடுத்துக்கொண்டது.

இதில் என்ன கேடு என்று கேட்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். முப்பது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இரண்டு பெண்கள். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய், இன்னொருவருக்கு 22,000. முதலாமவர் இஎஸ்ஐயில் இருப்பவர். அவருடைய விடுப்புக் காலப் பணம் இஎஸ்ஐ நிதியிலிருந்து போகிறது. முதலாளி மாதாமாதம் கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம், அதாவது 650 ரூபாய். அதே சம்பளத்தில் ஓர் ஆண் இருந்தாலும் அதே 650-தான். ஆகவே பெண்ணை வைத்திருப்பதால் அவருக்கு இங்கே தனி நஷ்டம் எதுவும் இல்லை. இரண்டாமவரோ 2017 ஜனவரியில் நிர்ணயித்த 21,000 ரூபாய் உச்சவரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டார். அவர் பிரசவத்துக்குப் போனால் 1,32,000 ரூபாயை முதலாளி ஒருவரே எடுத்து வைக்கவேண்டும். இடையில் அந்த நாற்காலியில் உட்கார வைக்கும் ஆளுக்கும் சம்பளம் தனி. அடுத்த முறை அந்த முதலாளி ஆள் எடுக்கும்போது, “கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சும்மா?” என்ற கேள்வி நேர்காணலில் தானாக வந்து விழும். பிள்ளையே வேண்டாம் என்றிருக்கும் பெண்ணும் அதே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பவேண்டும். ஆள் எடுப்பதில் பாகுபாடு கூடாது என்று சட்டம் எழுதித்தான் வைத்திருக்கிறது. ஆனால் வராமலே போன வேலை உத்தரவுக்கு எதிராக யார், எங்கே போய் வழக்குப் போடுவது?

இது முதலாளிகளின் வழக்கமான புலம்பல், அதற்குப் பத்திரிகை வக்காலத்து வாங்குகிறது என்று சிலர் சொல்வார்கள். பெரிய நிறுவனங்கள் இந்தச் செலவைத் தாங்கும், உண்மைதான். சட்டமோ பத்துப் பேர் இருக்கும் கடையிலிருந்தே தொடங்குகிறது. மேலும் இது முதலாளிகள் கண்டுபிடித்த வாதமே அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-ல் கூடிய தன் முதல் மாநாட்டிலேயே, மகப்பேற்றுப் பணம் பொது நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வரவேண்டும் என்று எழுதிவிட்டது. 2000-ல் வந்த 183-வது உடன்படிக்கை, தனி முதலாளி ஒருவரின் தலையில் இதைக் கட்டக்கூடாது என்பதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னது. இரண்டையும் இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கான விடுப்பை 2016-ல் ஒன்பது மாதமாகவும், 2021-ல் ஓர் ஆண்டாகவும் கூட்டியது. அதனால் அரசு வேலைக்குப் பெண்களை எடுக்க எந்த அதிகாரியும் தயங்கவில்லை, ஏனென்றால் பணம் அவர் பையிலிருந்து போவதில்லை. விடுப்பு நீளமாக இருப்பதல்ல சிக்கல், பில் யாருக்குப் போகிறது என்பதே சிக்கல்.

இது தெரியாமல் நடந்த பிழை என்றும் சொல்லித் தப்பிக்க வழியில்லை. 2018 நவம்பரில் மத்திய ஆட்சியாளர்களே வாய்திறந்து, 26 வாரத்தில் ஏழு வாரச் சம்பளத்தை முதலாளிகளுக்குத் திருப்பித் தரும் திட்டம் தயாராகிறது என்றார்கள். அதிலும் மாதம் 15,000 ரூபாய் வரை வாங்கும் பெண்களுக்கு மட்டுமே என்று ஒரு வேலி. முழுச் சுமையும் முதலாளி மேல் விழுகிற 21,000-க்கு மேற்பட்டவர்களைப் பற்றி மூச்சே இல்லை. அந்த அரைகுறைத் திட்டமும் வந்து சேரவில்லை. அதற்கு முன் 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்று உறுதி சொன்னது. 2017-ல் அதையே திட்டமாக்கியபோது 5,000 ஆகக் குறைத்து, முதல் குழந்தைக்கு மட்டும் என்று கத்தரித்தார்கள். பின்னர் இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் உண்டு என்று ஒரு தயவு. இரண்டாவதாக ஆண் பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் பிரசவம் இலவசமா என்ன? அரசு உதவியில் நடந்த குழந்தைகள் காப்பகங்கள் ஒரு காலத்தில் 20,000-க்கு மேல் இருந்தன, 2020 வாக்கில் 7,000-க்கும் கீழே வந்துவிட்டன. மூடியவர்களே இப்போது, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் காப்பகம் நடத்தவேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று அடுத்தவருக்குக் கட்டளை போடுகிறார்கள். 49 பேரோடு கணக்கை நிறுத்தத் தெரியாத முதலாளியா நம் ஊரில் இருக்கிறார்? வயல் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகும் பெண்ணுக்கோ இந்த 26 வாரம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் பொதுவாகத் திரட்டி, தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு இஎஸ்ஐ என்ற பெயரில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் கண்முன்னே நடக்கிறது. அதை மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் விரிப்பதா, தனியாக ஒரு நிதி வைப்பதா, கஜானா எவ்வளவு, முதலாளி எவ்வளவு, தொழிலாளி எவ்வளவு என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். மகப்பேறு விடுப்பு அடங்கிய தொகுப்பு 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, அமலுக்கு வந்தது 2025 நவம்பரில். நடுவில் கிடந்த ஐந்து ஆண்டுகளும் அப்படி உட்கார்ந்து பேசுவதற்குத்தான்.