தலை சாய்ந்த எலிக்கும் டாக்டர் உண்டு



வடசென்னையில், ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வளர்ந்தவர்களிடம் எலியைப் பற்றி நல்ல வார்த்தை எதிர்பார்க்க முடியாது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் கயிற்றில் வட்டமாக ஒரு தகடு மாட்டியிருப்பார்களே, அது கயிறு வழியாக எலி ஏறி இறங்காமல் இருக்கத்தான். வலையைக் கடிக்கும், அரிசி மூட்டையை ஓட்டை போடும், மழைக்காலம் வந்தால் எலிக்காய்ச்சல். நம் பக்கத்தில் எலிக்குப் பெயர் அவ்வளவுதான்.

ஆனால் இதே தெருக்களில் சில வீடுகளில் வெள்ளை எலி செல்லமாக வளர்கிறது. பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ கொளத்தூர் கடையிலோ பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கி வந்ததாக இருக்கும். முதல் வாரம் பாட்டி திட்டுவார். மாதம் முடிவதற்குள் அதே பாட்டி யாருக்கும் தெரியாமல் பொட்டுக்கடலை கொடுத்துக்கொண்டிருப்பார். எலி வளர்க்கும் வீடுகளில் இது வழக்கமாக நடப்பதுதான்.

அந்த வீடுகளுக்காகத்தான் இந்தப் பக்கம். மற்றவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

ஒரு நாள் காலையில் பார்த்தால் எலியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நேராக நடக்க வராமல் ஒரே பக்கமாகச் சுற்றும். கொஞ்சம் முற்றினால் பக்கவாட்டில் உருண்டு விழும். பார்க்கவே பதறும். உடனே வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ‘வலிப்பு’ என்பார் ஒருவர். ‘பக்கவாதம், இனி தேறாது’ என்பார் இன்னொருவர். ‘கொண்டுபோய் வெளியே விட்டுடு’ என்று ஒரு குரல் நிச்சயம் வரும். கூண்டில் பிறந்த வெள்ளை எலியைத் தெருவில் விட்டால் காக்கைக்கும் பூனைக்கும் எவ்வளவு நேரம் தாங்கும்?

இளம் எலிக்குத் தலை சாய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காதைத்தான். நடுக்காதில் சீழ் பிடித்து அது உள்காதுக்குப் போய்விட்டால் உடம்பின் சமநிலை போய்விடும். நம் வீட்டுப் பெரியவர்கள் திடீரென்று தலைசுற்றி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதுண்டு. நமக்கு உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்கள் எலிக்கும் இருக்கின்றன. அதற்கும் அறையே சுற்றுகிறது, சொல்லத்தான் தெரியவில்லை.

கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து காதுக்குள் போவதில்லை. மூக்கு, தொண்டை வழியாகக் காதுக்கு ஏறுகிறது. இதில் முக்கியமான ஆள் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ். செல்ல எலிகளில் பெரும்பாலானவை இதைப் பிறந்ததிலிருந்தே சுமந்துகொண்டு இருக்கின்றன. எலி நன்றாக இருக்கும்வரை இது சும்மா கிடக்கும். காற்று கெட்டுப்போனால் தலைதூக்கும்.

காற்று கெடுவது என்றால் என்ன என்று எண்ணூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணும் தொண்டையும் எரிய வீட்டை விட்டு ஓடிவந்தார்களே, அதே வாயுதான். நாலு நாள் சுத்தம் செய்யாத கூண்டில் எலியின் மூத்திரத்திலிருந்து அது சிறிய அளவில் கிளம்புகிறது. எலியின் மூக்கு இருப்பதோ தரையிலிருந்து ஓர் அங்குலத்தில். பத்து லட்சத்தில் 25 பங்கு அம்மோனியா இருந்தாலே மைக்கோபிளாஸ்மா நோய் கடுமையாகிறது என்று 1976-லேயே ஆய்வுக்கூட எலிகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கூண்டுக்குப் பக்கத்தில் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்கள் மூக்கில் சுருக்கென்று ஏறினால் எலிக்கு அது எப்போதோ அதிகமாகிவிட்டது.

கூண்டுக்கு அடியில் போடும் மரத்தூளையும் கவனியுங்கள். நம் பகுதியில் பேக்கிங் பெட்டி உடைத்த பைன் மரத்தூள் சுலபமாகக் கிடைக்கும், வாசனையாகவும் இருக்கும். அந்த வாசனைதான் எலியின் மூச்சுக்குழாய்க்கு ஆகாதது. பழைய காட்டன் துணியோ, கிழித்த பேப்பரோ போதும். அடிக்கடி மாற்றுங்கள்.

வைத்தியத்துக்கு வருவோம். வீட்டில் இருக்கும் காது சொட்டு மருந்தை மட்டும் எலியின் காதில் ஊற்றிவிடாதீர்கள். கிருமி இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம், சொட்டு அங்கே போய்ச் சேராது. செவிப்பறை ஏற்கெனவே கிழிந்திருந்தால் இன்னும் மோசம். ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் உள்காதையே கெடுத்துவிடும்.

கால்நடை மருத்துவர்கள் பொதுவாக என்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையும் சேர்த்தோ கொடுப்பார்கள். வீக்கம் குறைய ஒரு மருந்தும் சேரும். வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வராமலிருக்க நமக்கு எழுதித் தருகிறார்களே, அந்த டாக்சிசைக்ளின்தான் இதுவும். எலியால் வரும் நோய்க்கும் எலிக்கு வரும் நோய்க்கும் ஒரே மருந்து, வேடிக்கைதான்! அதற்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நீங்களே உடைத்துக் கொடுக்கக் கூடாது. அறுபது கிலோ மனிதனில் இருநூறில் ஒரு பங்குதான் முந்நூறு கிராம் எலி. ஆனால் சின்ன உயிருக்கு உடம்பு வேகமாக வேலை செய்வதால் மருந்தை வெறுமனே இருநூறால் வகுத்தாலும் கணக்கு சரியாக வராது. டாக்டர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும்.

டாக்சிசைக்ளினைப் பாலில் கலக்காதீர்கள், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. மசித்த வாழைப்பழம் ஒரு விரல் நுனி அளவு எடுத்துக் கலந்து கொடுங்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் சாப்பாட்டில் அதற்குச் சந்தேகம் அதிகம். ஒரு தடவை கசப்புத் தெரிந்துவிட்டால் அந்தப் பழத்தையே அடுத்த நாள் ஒதுக்கும். அப்போது வேறு எதிலாவது கலந்து பாருங்கள்.

நாலைந்து நாளில் எலி தெளிந்தது போல இருக்கும். நம் வீடுகளில் மருந்தை நிறுத்துவது சரியாக அந்த நாளில்தான். மனிதர்களுக்கே அப்படித்தானே செய்கிறோம்? காதுக்குள் இருக்கும் சீழ் சுலபத்தில் கரையாது. சில வாரங்கள் கொடுக்க வேண்டிவரும், எத்தனை என்பது டாக்டர் கணக்கு. முழுதும் கொடுத்த பிறகும் தலை கொஞ்சம் சாய்ந்தே நிற்கலாம். பரவாயில்லை, எலி அதற்குப் பழகிக்கொள்ளும். சாய்ந்த தலையோடு ஓடித் திரியும்.

அதுவரை மாடி வைத்த கூண்டு வேண்டாம். மேலிருந்து விழுந்தால் எலும்பு போகும். அகலமான பிளாஸ்டிக் டப்பில் துண்டு விரித்து, சுருட்டிய துணியை இருபுறமும் முட்டுக் கொடுங்கள். நிமிர்ந்து பாட்டிலில் குடிக்க முடியாது, சோடா மூடி ஆழத்தில் தண்ணீர் வையுங்கள். கண்ணைச் சுற்றிச் சிவப்பாக வழிந்திருந்தால் ரத்தம் என்று அலற வேண்டாம். உடம்புக்கு முடியாதபோது எலிக்குக் கண்ணீரே அந்த நிறத்தில்தான் வரும்.

எல்லாத் தலைசாய்வும் காதால் வருவதில்லை. ஒன்றரை, இரண்டு வயது தாண்டிய பெண் எலிகளுக்கு மூளையடியில் பிட்யூட்டரி கட்டி வருவதுண்டு. ஒரு பொரியை நீட்டிப் பாருங்கள். காதுக் கோளாறு உள்ள எலி தள்ளாடினாலும் பெரும்பாலும் இரு கையாலும் பிடித்துக் கொறிக்கும். கட்டி வந்த எலிக்கு முன்கால்கள் விறைத்து, பிடிக்கவே வராது. முடிவாகச் சொல்ல வேண்டியது டாக்டர்தான், ஆனால் இந்தத் தகவல் அவருக்கு உதவும்.

‘நூறு, இருநூறு ரூபாய் எலிக்கு அதைவிட அதிகமாக வைத்தியச் செலவா?’ நியாயமான கேள்வி. மாசக் கடைசியில் எனக்கும் வரும். கடையில் கொடுத்த விலையை வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. எலியின் ஆயுளே இரண்டு, மூன்று வருடம். பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அந்தக் கூண்டுக்கு ஓடும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். தனியார் கிளினிக் கட்டுப்படாதவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-ல் தொடங்கியது, திருவொற்றியூரிலிருந்துகூட எட்டாத தூரமில்லை. எலியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வெட்கமாக இருக்கிறதா? அங்கே கோழியோடும் ஆட்டோடும் வந்து நிற்பவர்கள் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எலி, முயல் பார்க்கும் மருத்துவர் எப்போது இருப்பார் என்று முன்பே விசாரித்துவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

போகும்போது இன்னொன்று. டாக்டரின் மேஜையில் எலி பயந்து உறைந்து உட்கார்ந்துவிடும், சுற்றுவதும் உருளுவதும் தெரியாது. அதனால் வீட்டிலேயே செல்போனில் அரை நிமிஷம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறது, என்றிலிருந்து, கூட இருக்கும் எலிக்குத் தும்மல் உண்டா என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தலை சாய்ந்த அன்றே கிளம்புங்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்