கேஸ் கட்டுகள் யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் சுருளிப்பட்டியில் ஒரு வீட்டுப் பரணைப் பார்க்க எங்களை அழைத்திருந்தார்கள். உத்தமபாளையம் நீதிமன்றத்தில் நெடுங்காலம் வழக்காடி மறைந்த வக்கீல் ஒருவரின் வீடு அது. பிள்ளைகள் வெளியூர்களில் இருக்கிறார்கள்; வீட்டை விற்கப்போகிறார்கள். பரண் முழுதும் நாடா கட்டிய கேஸ் கட்டுகள். பழைய பேப்பர் கடைக்காரர் வருவதற்குள், இலக்கியத்துக்கு ஏதேனும் பயன்படுமா என்று நாங்கள் பார்க்கவேண்டும் என்பது அவர்களது அன்பான விருப்பம்.

பயன்படும் என்றே முதலில் தோன்றியது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறு, திராட்சைப் பந்தல் குத்தகை, ஒத்தி நிலம், புரோநோட்டு, ஜீவனாம்சம் எனப் பள்ளத்தாக்கின் வாழ்க்கை முழுவதும் அங்கே கட்டுக்கட்டாய்க் கிடந்தது. தீர்ப்பில் இடம்பெறாத கதைகளை மனுக்களின் ஓரத்தில் வக்கீல் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகள் சொல்லின. அப்படி ஒன்றில் நாங்கள் மூழ்கியிருந்தபோது, அவரிடம் குமாஸ்தாவாக இருந்த பெரியவர் அருகில் வந்து மெல்லச் சொன்னார்: “அந்தம்மா இன்னும் இந்த ஊர்லதான் இருக்காங்க தம்பி.” கட்டை மூடிவைத்தோம். வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்திலிருந்தே இதை எழுதுகிறோம். முடிந்துபோன வழக்கின் கட்டு யாருக்குச் சொந்தம்?

வக்கீலுக்கு அல்ல என்பதில் ஐயமில்லை. கட்டணப் பாக்கிக்காகக்கூடக் கட்சிக்காரரின் கட்டை வழக்கறிஞர் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என்று ஆர்.டி.சக்ஸேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியிடலாகாது என்ற கடமையோ வழக்கோடு முடிவதில்லை. தொழில் உறவு அற்றுப்போன பின்னும் அது தொடரும் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே கூறியது. அதனிடத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அக்கடமையைக் கைவிடவில்லை. வக்கீலுக்கே சொந்தமல்லாததை அவருடைய பிள்ளைகள் எடைக்குப் போடுவது எப்படி? எங்களுக்குக் கொடையாகத் தருவதுதான் எப்படி?

அப்படியானால் எல்லாவற்றையும் எரித்துவிடலாமா? அதிலும் ஆபத்து உண்டு. ஒரு தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோருவதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுகள் அவகாசம். நிரந்தர உறுத்துக்கட்டளைக்கு அந்தக் காலவரம்பும் இல்லை. வாய்க்காலை மறிக்கக்கூடாது என்று தாத்தா பெற்ற ஆணை பேரனின் வயலுக்கும் தேவைப்படலாம். முப்பதாண்டு கடந்த மூலப் பத்திரம் முறையான இடத்திலிருந்து வந்தால், அதன் கையெழுத்தை உண்மையென்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பரணில் செல்லரிக்கும் காகிதம் யாரோ ஒருவருடைய அரை ஏக்கராக இருக்கக்கூடும். நீதிமன்றப் பதிவேடுகளை அழிப்பதற்கு 1917ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, விதிகள் வகுக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களிடம் கொடுத்தார்கள். வக்கீல் வீட்டுப் பரணோ பெரும்பாலும் அவரவர் மனம்போல்தான்.

வரலாற்றின் தரப்பையும் நாங்கள் மறுக்கவில்லை. 1849இல் வங்காளத்துச் சிற்றூரொன்றில் கருக்கலைப்பின்போது இறந்த சந்திரா என்ற எளிய பெண்ணைப் பற்றி ரணஜித் குஹா 1987இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு ஆதாரம், சிதைந்து எஞ்சிய சில வாக்குமூலங்களே. நம் பக்கத்திலேயே, குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பிரமலைக் கள்ளர்களின் கைரேகைகளை அரசு பதிவு செய்தது. 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் அந்த எதிர்ப்பைத் துப்பாக்கியால் அடக்கியது. அம்மக்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்து, அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கும் சூட்டினார்கள். அரசின் கோப்பில் இருப்பது அரசு கண்ட மனிதன். அவன் தன் வாயால் சொன்னது வக்கீலின் கட்டில்தான் இருக்கும். அதை அழித்தால் ஒரு தரப்பு மட்டுமே மிஞ்சும்.

ஆனால் சந்திராவுக்கும் குஹாவுக்கும் இடையே ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் இருந்தன. எங்களுக்கும் அந்தம்மாவுக்கும் இடையே இரண்டு தெருக்கள்கூட இல்லை.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இதுதான். முதல் உரிமை கட்சிக்காரருக்கு. வழக்கு முடிந்த அன்றே அசல் பத்திரங்களைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பித் தரவேண்டும். கட்டை எத்தனை ஆண்டு வைத்திருப்போம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெடு முடிந்ததும் ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு அழிக்கலாம். அழிப்பதென்றால் கிழித்துக் கூழாக்குவது. நாளை வடை மடிக்கும் தாளாக அனுப்புவதல்ல. கணினியில் கிடக்கும் நகல்களுக்கும் இது பொருந்தும். நோக்கம் நிறைவேறியபின், சட்டம் வேறு விதமாகக் கோராதவரை, தனிநபர் தரவை அழிக்கவேண்டும் என்பதே 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கை. கட்சிக்காரரோ வாரிசோ இசைந்தால், இத்தனை ஆண்டுகள் திறக்கலாகாது என்ற நிபந்தனையோடு ஓர் ஆவணக் காப்பகத்தில் சேர்க்கலாம். இலக்கிய ஆர்வலர்களாகிய நாம் அந்த வரிசையில் கடைசியில் நிற்கவேண்டியவர்கள்.

பேப்பர் கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். கட்டுகளின் மேலட்டையில் உள்ள பெயர்களை மட்டும் குமாஸ்தா பெரியவர் படிக்கப் படிக்க, வக்கீலின் மகள் எழுதிவருகிறார். பெயருக்குரியவர்களைத் தேடிச் சொல்லி அனுப்புகிறார்கள். இதுவரை நாலைந்து பேர் வந்து பத்திரங்களை வாங்கிப் போயிருக்கிறார்கள். அந்தம்மாவும் வந்தாராம். தம் கட்டை வாங்கி, பிரிக்காமலே வீட்டுக்கு எடுத்துச் சென்றாராம். அதில் மீதி என்ன இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை.