டாக்டர் சீட்டு கிடைக்கலைன்னா "வேற ஏதாவது"வா?

போன ஞாயித்துக்கிழமை சுசீந்திரத்துல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன் மக்களே. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே உள்ளே பஞ்சாயத்து கேக்குது. அக்கா மகள் ரெண்டு தடவை நீட் எழுதிட்டா. ரெண்டு தடவையும் அரசுக் கல்லூரி சீட்டுக்கு மார்க்கு எட்டல. மூணாவது தடவை எழுத மாட்டேன், பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி படிக்கப் போறேன்னு நிக்கா.

"எனக்க மக டாக்டருக்குப் படிக்கப் போறான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இப்போ மெஷின் ஓட்டப் போறான்னு சொன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கல்யாண வீட்டுக்குப் போவேன்?" இது அக்கா. அத்தான் ஒண்ணும் பேசல, பேப்பர்ல மூழ்கிட்டாரு. "மாமா, நீங்களாவது சொல்லுங்க"ன்னு பிள்ளை என்னையப் பாத்தா. நான் அப்ப காப்பியைக் குடிச்சிட்டு மழுப்பிட்டேன். அங்க சொல்லாததை இங்க எழுதுறேன்.

எங்க அப்பா கடைசி ரெண்டு வருஷம் டயாலிசிஸ்ல இருந்தாரு. வாரத்துக்கு மூணு நாள், ஒரு தடவைக்கு நாலு மணிநேரம். டாக்டர் வருவாரு, சார்ட்டைப் பாப்பாரு, ரெண்டு கேள்வி கேட்டுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருவாரு. அவரைக் குத்தம் சொல்லல, அவருக்கு அத்தனை நோயாளிங்க. அந்த நாலு மணிநேரமும் கூடவே நின்னது மார்த்தாண்டம் பக்கத்துப் பையன் ஒருத்தன். டெக்னீஷியன். கையில ஃபிஸ்டுலாவுல ரெண்டு ஊசி குத்துறது, எடையைப் பாத்து எவ்வளவு நீரை எடுக்கணும்னு மெஷின்ல வைக்கிறது எல்லாம் அவன்தான். நிமிஷத்துக்கு 500 மில்லி வீதம் நாலு மணிநேரத்துக்குக் கணக்குப் போட்டா, ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 120 லிட்டர் திரவம் வேணும். அந்தத் தண்ணியில குளோரமைன் தங்கிட்டா ரத்தச் சிவப்பணு உடைஞ்சு உயிருக்கே ஆபத்து. அதனால வேலை தொடங்க முன்னாடி தண்ணியை டெஸ்ட் பண்ணி நோட்டுல எழுதிட்டுத்தான் அவன் மெஷின்லயே கை வைப்பான்.

ஒருநாள் அப்பா சும்மா கொட்டாவி விட்டாரு. எங்கயோ நின்னவன் ஓடி வந்தான். தலைமாட்டை இறக்கி, காலைத் தூக்கி வச்சு, நீர் எடுக்கிறதை நிப்பாட்டி, சலைன் ஏத்தினான். பிரஷர் இறங்கிட்டிருந்திருக்கு. அலாரம் அடிச்சது அதுக்குப் பெறவுதான். "எப்படிலே கண்டுபிடிச்ச?"ன்னு கேட்டேன். "கொட்டாவி விட்டாரே அண்ணாச்சி, அதான்"ன்னான். அவ்ளோதான். அவன் என்ன படிச்சிருக்கான்னு அப்பா போன பெறவுதான் எனக்குக் கேக்கத் தோணிச்சு. அக்கா சொல்ற அந்த "மெஷின் ஓட்டுற" படிப்புத்தான். வெக்கமா இருந்திச்சு.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. 1838ல ராம்சேன்னு ஒரு டாக்டர் நெய்யூர்ல மிஷன் மருத்துவப் பணியை ஆரம்பிச்சாரு. ஒத்தை ஆளு எத்தனை கிராமத்தைப் பாக்க முடியும்? 1860கள்ல அங்க வந்த ஜான் லோ, உள்ளூர்ப் பையங்களுக்கு மருத்துவ வகுப்பு எடுத்து அவங்களைக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பினாரு. 1922லயும் 1924லயும் எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் நெய்யூர்ல வேலை பாத்ததை எல்லாரும் பெருமையாச் சொல்லுவோம். அவர் ஆபரேஷன் செய்யும்போது பக்கத்துல நின்னவங்க பேரு நம்மள்ல யாருக்குத் தெரியும்? தெற்குத் திருவிதாங்கூர் காலத்துலேர்ந்து இதே கதைதான்.

2001ல ஆசாரிபள்ளத்துல அரசு மருத்துவக் கல்லூரி வந்ததும், "நம்ம பிள்ளையும் டாக்டர்"ங்கிற ஆசை வீட்டுக்கு வீடு வந்திச்சு. தப்பில்ல. ஆனா 2017லேர்ந்து நீட் வந்து, 2022ல அதுக்கு மேல்வயசு வரம்பையும் எடுத்துட்டாங்க. அப்போ "இன்னும் ஒரு தடவை"ங்கிற பேச்சுக்கு முடிவே கிடையாது. வீட்ல யாராவது போதும்னு சொன்னாத்தான் உண்டு. மூணாவது தடவை எழுதி ஜெயிச்ச பிள்ளைகளும் இருக்காங்க, இல்லேங்கல. ஆனா அவங்க தானே விரும்பி எழுதினவங்களா இருக்கணும். அம்மை கல்யாண வீட்டுக்குப் போறதுக்காக ஒரு பிள்ளை மூணாவது வருஷமும் கோச்சிங் சென்டர்ல உக்காரணுமா?

இன்னொரு வேடிக்கை. நர்சிங்னா மட்டும் நம்ம ஊர்ல கொஞ்சம் மரியாதை உண்டு, குவைத்துக்குப் போலாம்லா :-) பிசியோதெரபி, ரேடியோகிராபி, பெர்ஃப்யூஷன், ஆப்டோமெட்ரி, கேள்வி-பேச்சுப் பயிற்சி இதையெல்லாம் சொன்னா, "அது என்ன படிப்பாக்கும்?"னு கேப்பாங்க. இதய ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியோட இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலா ஓடுற மெஷினைப் பாத்துக்கிடுறவருதான் பெர்ஃப்யூஷனிஸ்ட். அவர் கை தடுமாறினா, சர்ஜன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தும் பிரயோஜனமில்ல.

அதுக்காக கண்ணை மூடிக்கிட்டு சேருங்கன்னு சொல்லல. "வேற ஏதாவது"ன்னு நினைச்சுச் சேரும்போதுதான் ஏமாறுறோம். டாக்டர் சீட்டுக்கு நாலு பேர்ட்ட விசாரிக்கிற வீடு, இதுக்கு பஸ் ஸ்டாண்டு போர்டைப் பாத்துப் பணத்தைக் கட்டுது. ஆறு மாசத்துல பாராமெடிக்கல் சான்றிதழ், வேலை உறுதின்னு போட்டிருப்பான். இந்தப் படிப்புகளை முறைப்படுத்த 2021ல வந்த மத்திய சட்டம், துணை மருத்துவப் படிப்புன்னா ரெண்டுலேர்ந்து நாலு வருஷத்துல குறைஞ்சது 2000 மணிநேரம் இருக்கணும்னு சொல்லுது. ஆறு மாசக்காரன் 2000 மணிநேரத்துக்கு எங்க போவான்?

சேர முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. டிகிரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் மாதிரி அங்கீகாரமுள்ள இடத்துலேர்ந்து வருதா? கல்லூரிக்கு நோயாளிகள் வர்ற சொந்த ஆஸ்பத்திரி இருக்கா, பிள்ளைக்கு மெஷின்ல கை வைக்க விடுவாங்களா? பயிற்சி வருஷத்தோட சேத்து மொத்தம் எத்தனை வருஷம்? (டயாலிசிஸ்னா மூணு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி.) அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்கை வச்சுத்தான் கவுன்சலிங் நடந்து வந்திருக்கு. விதி மாறக்கூடியது, அந்தந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டை ஒரு வரி விடாம வாசிங்க.

சம்பளத்தையும் மறைக்கக் கூடாது. தனியார்ல ஆரம்பத்துல கம்மிதான். நைட் ஷிப்டு உண்டு. மேல மேல போறதுக்குப் படியும் குறைவு. இதெல்லாம் தெரிஞ்சே ஒரு பிள்ளை "எனக்கு இது போதும்"னு சொல்லல, "எனக்கு இதுதான் வேணும்"னு சொல்லுது. ஏன்னு அக்கா அவட்ட கேக்கவே இல்ல.

நான் கேட்டேன், கிளம்பும்போது கேட்டுப் பக்கத்துல நின்னு. "தாத்தா கூட நானும் வந்து உக்காந்திருப்பேன்லா மாமா. அந்த அண்ணன் வேலை செய்றதைப் பாத்துட்டுத்தான்"னா. அந்தக் கொட்டாவி விட்ட அன்னைக்கு அவளும் அங்க இருந்திருக்கா. நான்தான் மறந்துட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பப் போறேன். இந்தத் தடவை காப்பி குடிக்க முன்னாடியே பேசிடணும். உங்க வீட்லயும் இந்தப் பஞ்சாயத்து நடந்திருந்தா, எப்படி முடிஞ்சுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. அக்காகிட்ட வாசிச்சுக் காட்ட உதவும்.