அம்பாஸிடர் வைத்த அகலக் கால்

"அகலக் கால் வைக்காதே" என்று நம் பாட்டிமார் எச்சரித்தபோது மோட்டார் வண்டிகளை மனத்தில் வைத்துக்கொண்டு எச்சரித்திருக்க முடியாது. ஆயினும் சென்ற மூன்று மாதங்களாக நம் தெருவில் நடந்து முடிந்த ஒரு விவகாரத்தைப் பார்த்த பிறகு, அந்த எச்சரிக்கை மோட்டார் வண்டிகளுக்கென்றே பிறந்ததோ என்று நமக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. விவகாரத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அது அவ்வளவு கௌரவமான பங்கு அல்ல.

நமக்கு எதிர் வீட்டில் இருப்பவர் போஸ்ட்மாஸ்டராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். வயது 74. அவரிடம் 1984-ஆம் வருஷத்து அம்பாஸிடர் வண்டி ஒன்று இருக்கிறது. இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: அம்பாஸிடர் என்பது, இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை மூலமாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்தாபனம் செய்து வந்த வண்டி. 1950-களின் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கி 2014-இல் நின்றது. மந்திரிகளும் மாப்பிள்ளைகளும் வாடகை வண்டிக்காரர்களும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதில்தான் பவனி வந்தார்கள். வழவழப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் எட்டுப் பேரை ஏற்றினாலும் முகம் சுளிக்காது.

போஸ்ட்மாஸ்டருக்கு அந்த வண்டி அலங்காரப் பொருள் அல்ல. அவருடைய மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிஸிஸ் செய்துகொண்டு வர வேண்டும். திரும்பும்போது அம்மாள் பின் ஆசனத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டுதான் வருவார். அதற்குத் தோதாக அம்பாஸிடரை விட்டால் வேறு வண்டி இல்லை என்பது பெரியவருடைய அபிப்பிராயம். நமக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

அவருடைய புதல்வன் புனாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சித்திரை மாதத்தில் லீவில் வந்தவன், வண்டியின் டயர்களைக் குனிந்து பார்த்தான். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் வருஷம். இந்த டயர்களில் 2211 என்று இருந்தது. அதாவது 2011-ஆம் வருஷத்தின் 22-வது வாரத்தில் பிறந்தவை. வண்டி அதிகம் ஓடாததால் பட்டைகள் தேயவில்லை. ஆனால் பட்டைகளுக்கிடையே, கோடையில் ஏரிப் படுகை வெடிப்பதுபோல் ரப்பர் வெடித்திருந்தது. ரப்பர் ஓடித்தான் கெடவேண்டும் என்பதில்லை. சும்மா நின்றாலும் காற்றிலும் வெயிலிலும் இறுகிப்போகும். "இதில் அம்மாவை வைத்து ஓட்டுகிறாயே, அப்பா!" என்று பையன் பதறினான். பதறியது நியாயம். அதுவரையில் அவன் பேரில் நாம் ஒரு குற்றமும் சொல்ல மாட்டோம்.

பழைய அளவிலேயே நான்கு புது டயர் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியமே நேர்ந்திராது. பையனோ வண்டியைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய், ஒரு கடையில் பளபளக்கும் அலாய் வீல்களும், அவற்றின் மேல் அகலமான ரேடியல் டயர்களும் போட்டுக்கொண்டு வந்தான். வண்டி நம் தெருவுக்குள் நுழைந்தபோது, தார்ப்பாய்ச்சி வேஷ்டி கட்டிய பயில்வான் மாதிரி இருந்தது. "பேஷ்! இப்போதுதான் வண்டிக்குக் களை வந்திருக்கிறது" என்று திண்ணையிலிருந்தபடி உரக்கச் சொன்னவர் யார் என்றால், நாம்தான்.

பையன் புனாவுக்குப் போய்விட்டான். இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எதிர் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. வெள்ளிக்கிழமையும் நின்றது. விசாரித்ததற்கு, "பெட்ரோல் விற்கிற விலையில்..." என்று பெரியவர் இழுத்தார். மறு செவ்வாயும் ஆட்டோதான். அம்மாள் அதில் காலை மடக்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளிறிய முகத்தோடு வந்து இறங்கியதை நாம் பார்த்தோம். அன்று மாலை நாமே போய், "வாருங்கள், ஸார், வண்டியில் ஒரு சுற்றுப் போய் வருவோம்" என்று வற்புறுத்திக் கிளப்பினோம்.

தேர் முட்டி வரையில் ஒரு குறையும் இல்லை. அங்கே வலப் பக்கம் திரும்ப வேண்டும். முக்கு குறுகலானது, வேகத்தை அடியோடு தணித்துத்தான் திரும்ப முடியும். பெரியவர் ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்தார். பாதி சுற்று வந்தது, நின்றுவிட்டது. எழுந்து நிற்கிறவர்போல் உன்னி மறுபடி இழுத்தார். வலது தோளைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பின்னால் வந்த மினி பஸ்காரன் ஹாரனால் சாபமிட்டான். வண்டியை மூன்று தரம் முன்னும் பின்னும் நகர்த்தித்தான் அந்த முக்கைக் கடந்தோம்.

"தேர் திருப்புகிற மாதிரி முட்டுக்கட்டை போட ஓர் ஆள் வேண்டும், ஸார்" என்று பெரியவர் சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு எட்டவில்லை. "பையனிடம் சொல்லிவிடாதீர்கள். ஆசையாய்ப் போட்டிருக்கிறான்."

மறுநாள் பட்டறைக்குப் போனோம். பட்டறை நடத்துகிறவன் நம்மிடம் ஒன்பதாம் வகுப்பில் பௌதிகம் படித்தவன். அழுத்தத்தைப் பற்றிய கணக்கில் இரண்டு தரம் பூஜ்யம் வாங்கியவன். அவன் நமக்கே அன்று அந்தப் பாடத்தை நடத்தினான். பட்டறைப் பையன்கள் ஐந்து பேரை வண்டிக்குள் ஏற்றினான். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரில் கறுப்பு மசியைத் தடவி, கீழே காகிதத்தை விரித்து, மெல்ல இறக்கி மறுபடி தூக்கினான். பிறகு கொல்லையில் கிடந்த பழைய சக்கரத்தை மாட்டி, அதே காற்றளவு வைத்து, அதே சடங்கைச் செய்தான். இரண்டு காகிதங்களையும் நம்மிடம் நீட்டி, "அளந்து சொல்லுங்கள், ஸார்" என்றான்.

பழைய டயரின் தடம் 11 சென்டிமீட்டர் அகலம், 16 நீளம். புது டயரின் தடம் 15 அகலம், 12 நீளம். பெருக்கினால் முன்னது 176 சதுர சென்டிமீட்டர், பின்னது 180. இத்தனை ஆடம்பரத்துக்கும் தரையில் படிந்த ரப்பரில் கூடியது ஒரு தபால் தலை அளவு!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆட்களோடு வண்டி சுமார் 1,400 கிலோ. ஒரு சக்கரத்தின் மேல் 350 கிலோ. டயருக்குள் சதுர அங்குலத்துக்கு 28 பவுண்டு காற்று என்றால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ. பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால் 175-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வண்டியைத் தாங்குவது பெரும்பாலும் காற்று. பாரமும் காற்றும் மாறாதபோது டயர் எவ்வளவு பருத்தாலும் தரையைத் தொடும் பரப்பு அதிகம் மாறுவதில்லை, வடிவம்தான் மாறுகிறது. நம் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு. அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் குடும்பத்தோடு அறுபது மைல் பிரயாணம் போகிறோம்.

அப்படியானால் அகல டயரால் பிரயோஜனமே இல்லையா என்றால், உண்டு. குட்டையாய் அகன்ற தடமும், விறைப்பான பக்கச் சுவரும் உலர்ந்த சாலையில், வளைவில், வண்டியைச் சட்டென்று சொன்னபடி கேட்க வைக்கும். எஞ்சினை மாற்றி, பிரேக்கை மாற்றி, ஸ்பிரிங்குகளை மாற்றி வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் அந்த வரிசையில் முதலில் வரவேண்டியது பிரேக், டயர் பிறகு. பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரிகிறதை முதலில் மாற்றுகிறார்கள்.

பயன் ஒரு பக்கம். விலை மறு பக்கம். அந்த அம்பாஸிடருக்கு ஸ்தாபனத்தார் விதித்தது 5.90-15 என்ற டயர்: ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம், 15 அங்குல ரிம். பையன் போட்டது 195/65 ஆர் 15. அதாவது 195 மில்லிமீட்டர் அகலம். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவிகிதம். பழையது சுமார் 150 மில்லிமீட்டர். அதிகமான 45 மில்லிமீட்டர் எங்கேயாவது போக வேண்டுமே! உள்ளே போனால் மட்கார்டின் உட்சுவரிலும் ஸ்பிரிங்கிலும் உரசும். அம்பாஸிடரின் பின் சக்கரமோ பாதி மறைந்து முக்காடு போட்டுக்கொண்டிருப்பது. அங்கே இடமே சொற்பம். ஆகவே கடைக்காரர்கள் ஸ்பேசர் என்னும் தட்டை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளிவிட்டார்கள். சக்கரத்தின் மையம் வெளியே போகப் போக, பேரிங்கின் மேல் நெம்புகோல் நீளுகிறது. அது சீக்கிரம் தேயும். குண்டு குழிகள் ஸ்டீரிங்கை உதைக்கும். நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்புவதற்கு வேண்டிய பலமோ டயரின் அகலத்தோடும் கூடும், மையம் விலகிய தூரத்தோடும் கூடும். இரண்டும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமா? இன்றைய வண்டிகளில் திருப்புவதற்கு மின்சாரம் கை கொடுக்கிறது. அந்த அம்பாஸிடரில் கை கொடுப்பது போஸ்ட்மாஸ்டரின் தோள் ஒன்றுதான்.

சில்லறைச் சங்கடங்களும் உண்டு. பழைய சக்கரம் சுமார் 66 சென்டிமீட்டர் உயரம். புதியது 63 அரை. எனவே வண்டியின் அடிவயிறு ஒன்றேகால் சென்டிமீட்டர் தாழ்ந்து, வேகத்தடைகளை விசாரித்துக்கொண்டு போகிறது. மீட்டரில் 60 என்று காட்டும்போது உண்மையில் 57, 58-தான். மழையில் அகல டயர் அதிக தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருப்பதால், வேகமாய்ப் போனால் தண்ணீர் மேல் மிதக்கத் துணியும். ஐப்பசி மாதத்தில் நம் சாலைகள் சாலைகளா, வாய்க்கால்களா என்பது வாசகர்கள் அறியாததல்ல. சர்க்கார் சங்கதியும் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஸ்தாபனத்தார் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் அதையே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது இம்மாதிரி இடங்களைத்தான்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தபோது நமக்கு டன்லப் ஞாபகம் வந்தது. பெல்பாஸ்ட் நகரத்தில் கால்நடை வைத்தியராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டி கற்களில் கடகடவென்று அதிராமல் ஓட வேண்டுமென்றுதான் காற்றடைத்த டயரைச் செய்து பார்த்தார். 1888-இல் காப்புரிமை பெற்றார். அங்கே தகப்பன் பிள்ளைக்குச் செய்தான். இங்கே பிள்ளை தகப்பனுக்குச் செய்திருக்கிறான். அந்த டயர்களுக்கு வேண்டிய ரப்பருக்காக மலாய் நாட்டுத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் மரம் சீவியவர்கள் நம் தமிழ் ஜனங்கள் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. ரப்பரை வீணடிப்பதென்றால் நமக்குக் கொஞ்சம் வலிக்கிறது. நிற்க.

பெரியவர் சொல்லக் கூடாது என்றார். அம்மாள் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வருகிறார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வாக்கை மீறுவதென்று தீர்மானித்துப் புனாவுக்குப் போன் செய்தோம். மசித் தடங்களையும் படம் பிடித்து அனுப்பினோம். பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "ஸார், நான் ஓட்டிப் பார்த்தபோது கனமாகவே தெரியவில்லையே" என்றான். அவனுக்கு வயது 31. தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த வாரமே பணம் அனுப்பிவிட்டான். பழைய இரும்புச் சக்கரங்களைத் தட்டி, வர்ணமடித்து, பழைய அளவிலேயே புது டயரும் ட்யூபும் போட்டாயிற்று. ஸ்பேசர்களைக் கழற்றியபோது, முன் பக்கத்து பேரிங் ஒன்று இரண்டே மாதத்தில் முனகத் தொடங்கியிருந்தது தெரிந்தது; அதையும் மாற்றினோம். சென்ற வெள்ளிக்கிழமை அம்பாஸிடர் தேர் முட்டியில் ஒரே வீச்சில் திரும்பியதை நாம் பலசரக்குக் கடை வாசலில் நின்று கண்ணாரக் கண்டோம். பின் ஆசனத்தில் அம்மாள் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

அலாய் வீல்கள் நான்கும் எதிர் வீட்டு ரேழியில் சாக்கு போர்த்தி நிற்கின்றன. பட்டறைக்காரன் இரண்டு கிராக்கிகளை அழைத்து வந்தான். பெரியவர் சொன்ன விலையைக் கேட்டு இருவரும் படியிறங்கிப் போய்விட்டார்கள். கடையில் புதிதாக வாங்கினாலே அவ்வளவு ஆகாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் சாக்கை விலக்கி, நான்கையும் துணியால் துடைத்து, மறுபடி போர்த்தி வைக்கிறார்.