கூரை ஒழுகுவதும் அரசியல்தான்

2025 ஏப்ரல் 29ஆம் தேதி சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஓர் அறிவிப்புச் செய்தார். 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகவும் வசவாகவும் ஆகிவிட்டது, எனவே அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். வரவேற்போம். 'சேரி' போய் 'காலனி' வந்தது. இப்போது 'காலனி' போய் வேறொன்று வரும். பெயர்ப்பலகை மாறும். பலகைக்குப் பின்னால் நிற்கிற வீட்டின் கூரை மாறுமா என்பதுதான் என் கேள்வி.

இதை அடி அண்ணாமலையிலிருந்து எழுதுகிறேன். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிற ஊர். வேர்க்கடலையும் கேழ்வரகும் போட்ட கொல்லைகள் எல்லாம் இன்று கல் நட்ட மனைகள். ஆசிரமம், தங்கும் விடுதி, ஓய்வுபெற்ற அதிகாரிகளின் வீடு, வெளிநாட்டாருக்கு வாடகைக்கு விடுகிற வீடு. அவற்றுக்குப் பெயர் 'நகர்', 'அவென்யூ', 'கார்டன்'. பத்து வீடு சேர்ந்தால் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம். வில்லங்கம் இல்லாத சொல்தான். ஆனால் யாருடைய குடியிருப்பு, யாருடைய நலம் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சித்திரை பிறந்தால் நகரில் வேலை தொடங்கிவிடும். மொட்டை மாடிக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பெயின்ட். தண்ணீர்த் தொட்டி கழுவுதல். ஏ.சி.க்கு சர்வீஸ். செப்டிக் டேங்க் காலி செய்தல். காம்பவுண்டுச் சுவருக்குப் பூச்சு. கிணறு வற்றினால் லாரித் தண்ணீர். கேட்டா 'மெயின்டனன்ஸ்'னு சொல்றாங்க. சாரத்தில் ஏறுகிறவர், தொட்டியில் இறங்குகிறவர், பாத்திரம் தேய்க்கிற அக்கா, ராத்திரி கேட்டில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் நம்ம ஜனம்தான்.

கல்லூரி விடுமுறைகளில் நானும் வெள்ளையடிக்கப் போயிருக்கிறேன். ஒரு நகரில் (பெயர் வேண்டாம்) வேலையாட்கள் கழிப்பறைக்குப் போகக் கூடாது, மரத்தடியில் கூட்டமாக உட்காரக் கூடாது என்று எழுதி மாட்டியிருந்தார்கள். குடிக்கத் தண்ணி கேட்டதுக்கு, செடிக்கு ஊத்துற பைப்பைக் காட்டினாங்க. எந்த விதியிலும் சாதி என்கிற சொல் இல்லை. 'சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்' என்கிற வாடகைப் பலகையிலும் இல்லை. பழைய ஊர் வாயைத் திறந்து சொன்னதைப் புதிய ஊர் சுற்றறிக்கையாக அடிக்கிறது. இடத்தைப் பிரித்து வைப்பதே தீண்டாமையின் உடம்பு என்று அம்பேத்கர் காட்டினார். அந்த உடம்புக்கு இன்று பதிவு எண்ணும் ரப்பர் ஸ்டாம்பும் கிடைத்திருக்கின்றன.

இப்போது நம் பக்கம் வருவோம். முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்திய தொகுப்பு வீடு. கூரைக்கு மேலே தட்டோடு கிடையாது. கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரி முழுக்க வீட்டுக்குள் கக்குகிறது. மழைத் தண்ணீர் விரிசல் வழியாக இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, கீழே இருக்கிற காரையைத் தள்ளுகிறது. தூங்குகிற பிள்ளை மேலே அது விழுகிறது. இதில் கர்மவினை எதுவும் இல்லை. கம்பிக்கு மேலே எத்தனை அங்குலம் கலவை போட்டார்கள், சிமெண்டில் எவ்வளவு தின்றார்கள் என்கிற கணக்குதான் இருக்கிறது.

அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் சொல்கிற பதில் நமக்கு மனப்பாடம். 'இவனுங்களுக்குக் கட்டிக் குடுத்தா வச்சிக்கத் தெரியாது.' இந்தப் பொய்யை உடைக்காமல் மேலே போக முடியாது. 2021இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் வாரியம் கட்டிய புத்தம் புது அடுக்குமாடியில் கை பட்டாலே காரை உதிர்ந்ததை ஊரே பார்த்தது. அங்கே யார் வச்சிக்கத் தெரியாதவர்?

தென்னங்கீற்றும் கரும்புத் தோகையும் வேய்ந்த காலத்தில் பங்குனி சித்திரையில் கூரை பிரித்து மாற்றியவர்கள் நாம். தரையை மெழுகி, சுவருக்குச் செம்மண் பூசியவர்கள் நம் பெண்கள். பராமரிப்பை யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. அதற்கு நேரம் வேண்டும், காசு வேண்டும், 'இது என் இடம்' என்கிற காகிதம் வேண்டும். நேரத்தை நகர் எடுத்துக்கொள்கிறது. அடுத்தவர் வீட்டைப் பராமரித்தே தேய்ந்த கைகளுக்குத் தன் வீட்டைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சுவதில்லை. பட்டா இல்லாத வீட்டை நம்பி எந்த வங்கியும் கடன் தருவதில்லை.

அந்தக் காகிதத்தின் கதை நீளமானது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, பறையர் குடியிருந்த மனையும் மிராசுதாரர் கையில்தான் இருந்தது என்று காட்டியது. கூலி கேட்டால் குடிசையைப் பிடுங்குவேன் என்பதே ஆண்டையின் ஆயுதம். 1892இல் நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. அந்தப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். குடியிருந்த மனையை விவசாயக் கூலிக்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல் வந்தது, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டு மூன்று ஆண்டு கழித்து. 1978இல் நமக்கு மனை கொடுக்க நிலம் எடுக்கும் சட்டம் வந்தது. இத்தனையும் தாண்டி வந்த இரண்டு மூன்று சென்ட் மனையில் இன்று மூன்று குடும்பம் இருக்கிறது.

கோடையில் கவனிக்காத சுவர் மழையில் விழும். 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பியிருந்த இருபதடி காம்பவுண்டுச் சுவர் விழுந்து 17 தலித்துகள் தூக்கத்திலேயே செத்தார்கள். சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். அதுவும் ஒரு வீட்டுப் பராமரிப்பு விவகாரம்தான். அவருக்கு அது அழகும் மறைப்பும், நமக்கு மரணம். நம் மலையிலேயே 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மண் சரிந்து பாறை உருண்டு ஒரே வீட்டில் 7 பேர் இறந்தார்கள். ஐந்து பேர் பிள்ளைகள். 'மலைச்சரிவில் ஏன் குடியிருந்தார்கள்?' என்று பலரும் கேட்டார்கள். சமதரையெல்லாம் யார் பேரில் மனையாகிப் போனது என்று கேட்டவர் குறைவு.

அரசின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்த கனவு இல்லத்துக்கு 3.5 லட்சம் ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தார்கள், வெயிலில் செத்தால் 4 லட்சம். மலக்குழியில் செத்தால் 30 லட்சம் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொன்னது. இறந்தவர் குடும்பத்துக்கு அந்தப் பணம் போய்ச்சேர வேண்டும், அதில் ஒரு பைசா குறையக் கூடாது. ஆனால் உயிரோடு இருப்பதற்கான வீட்டை விட நம் சாவுக்குத்தான் அதிக விலை போட்டிருக்கிறது இந்தக் கணக்கு. கோடை வந்தால் நகரின் செப்டிக் டேங்க் நிறையும். எந்திரம் வரும் வரை காத்திருக்க மனமில்லாதவர் நம் தெருவுக்கு ஆள் அனுப்புவார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். நம் தெருவிலிருந்து ஒரு ஆளும் இறங்க மாட்டான் என்பதே நம் முதல் பராமரிப்பு விதியாக இருக்க வேண்டும்.

தோழர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். 'நிலம், அதிகாரம் என்று பேசுற எடத்துல ஒழுகுற ஓட்டைப் பத்தி இன்னாத்துக்குப் பேச்சு? இதெல்லாம் சீர்திருத்தம், விடுதலை இல்ல.' நான் அப்படி நினைக்கவில்லை. கூட்டத்துக்கு வர வேண்டிய பெண் ராத்திரியெல்லாம் பிள்ளைக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். படிக்க வேண்டிய மாணவன் ஐப்பசியில் புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண்மேல் போடுகிறான். பொம்பளைங்க பாடு என்று ஒதுக்கிவைத்த வேலையை அரசியல் இல்லை என்று சொல்வது ஆண்களின் வசதி. ஒழுகுகிற வீட்டுக்குள் இருந்துகொண்டு யாரும் நீண்ட போராட்டம் நடத்திவிட முடியாது.

நகர்ச் சங்கத்திடம் வெறுக்க வேண்டியது நிறைய இருக்கிறது, கற்றுக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அவர்கள் ரசீது வைத்திருக்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனு கொடுத்து, நகல் வாங்கி, மறுவாரம் போய்க் கேட்கிறார்கள். அரசு நகர்ச் சங்கத்தின் கடிதத்துக்குப் பதில் போடுகிறது, நம் அழுகைக்குப் போடுவதில்லை. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். நம் தெருவில் ஏழு பெண்கள் இல்லையா? பெண்கள் என்றுதான் சொல்கிறேன், வீட்டின் ஒவ்வொரு விரிசலும் அவர்களுக்குத் தெரியும்.

கோரிக்கையும் கையில் தயாராகவே இருக்கிறது. 2001க்கு முன் அரசு கட்டிய ஊரக வீடுகளைச் சீர்செய்ய 2000 கோடி ரூபாய் என்று 2024இல் அறிவித்தார்கள். நம் தெருவில் அந்தப் பட்டியலில் எத்தனை வீடு, யார் பெயர் விட்டுப்போனது என்று எழுத்தில் கேட்போம். நகர்ப்புற வாரியக் குடியிருப்பில் மக்கள் சங்கம் பராமரிப்புத் தொகை கட்டினால் அரசும் அதே அளவு போடுகிறது. கிராமத்துத் தொகுப்பு வீட்டுக்கு அது ஏன் இல்லை என்று கேட்போம். சுற்று ஊராட்சிகளைச் சேர்த்துத் திருவண்ணாமலையை மாநகராட்சி ஆக்கும் அறிவிப்பும் 2024இல் வந்தது. வரி நகரத்து வரியாக வருமானால் குடிதண்ணீரும் சாக்கடையும் நகரத்துத் தண்ணீராகவும் சாக்கடையாகவும் வர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. இந்த விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். கட்டிய வருஷம், பட்டா யார் பேரில், கம்பி தெரிகிற இடம், ஒழுகுகிற இடம், குடியிருக்கிற தலைகள் என்று ஐந்து கட்டம் போதும். கொத்தனாரும் பெயின்டரும் கம்பி கட்டுகிறவரும் நம்மிடமே இருக்கிறார்கள், மதிப்பீட்டை அவர்களே போடட்டும். கிழவிகள் தனியாக இருக்கிற வீட்டுக் கூரைக்கு முதலில் சுண்ணாம்பு அடிப்போம். மீதிக்கு மனு. மனுவுக்குப் பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்து வாசல். ஐப்பசி மழைக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது, அதற்குள் சங்கம் பதிந்தாக வேண்டும்.