தாழ்ந்த வண்டியும் அகன்ற சக்கரமும்

பாலக்கரை ரவுண்டானாவின் அருகே மாலை வேளையில் அரை நாழிகை நிற்போர்க்கு இக்காட்சி புதிதன்று. வயிறு நிலத்தைத் தொடுமோ என ஐயுறும்படி தாழ்த்தப்பெற்ற மோட்டார் வண்டியொன்று, அகன்று ஒளிரும் அலாய்ச் சக்கரங்களோடு ஊர்ந்து வரும். திரும்புங்கால் முன்சக்கரத்தினுள்ளிருந்து 'சர்' என ஓர் ஓசை எழும். வேகத்தடையின்மேல் ஏறி இறங்குங்கால் பின்புறத்தினின்று மற்றோர் ஓசை எழும். ஓட்டும் இளைஞரோ பாட்டின் ஒலியைச் சற்றே உயர்த்திக்கொண்டு அப்பாற் செல்வார்.

அவ்வோசை யாதெனின், டயர் தகட்டிலேனும் உள்ளுறையிலேனும் உராய்வதே. இதனைக் கண்ட பெரியோர் சிலர், "இருந்த சக்கரத்துக்கு என்ன குறை? காசுக்குப் பிடித்த கேடு" என்று முடித்துவிடுவர். யாம் அக்கட்சியைச் சார்ந்தோமல்லேம். ஊர்தியை அழகுசெய்ய விழைதல் தமிழர்க்குப் புதிதுமன்று, பழியுமன்று. குற்றம் விருப்பத்தின்கண் இல்லை. வேலையின் வரிசையிலே உள்ளது. முதலிற் சக்கரத்தை வாங்கி, அடுத்து மாட்டி, அதன்பின் உராயக் கேட்டு, ஈற்றில் மட்கார்டைச் சுத்தியலால் அடித்து வளைக்கின்றனர். அளவுகோல் வெளிவருவது எல்லாம் முடிந்த பிறகே!

சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணனுக்கு அளிக்கும் தேரை எண்ணிப் பார்மின். உளியின் தழும்பு பட்ட குறடு, அதனைச் சூழ்ந்த ஆர்க்கால், இரும்பு விளிம்பு என உறுப்புறுப்பாய்ச் சொல்லிவரும் நல்லூர் நத்தத்தனார், அத்துடன் அமையாது, தச்சர் தொழில் முற்றியபின் ஊர்ந்து பார்க்கப்பட்டு நடையாற் பெயர்பெற்ற தேர் என்றும் கூறுகின்றார். கண்ணுக்கினிய வேலைப்பாடு ஒன்று. ஓடிக் காட்டித் தேறுதல் மற்றொன்று. இரண்டும் இருந்த பின்னரே தேர் பரிசிலாயிற்று. நம் காலத்தும் திருவாரூர்ப் பெருந்தேர்க்கு நம் திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலையார் நீரியல் தடை அமைத்துத் தந்தனர். பழந்தேரிற் புதுக்கருவி கூடாதென்று எவரும் கூறிற்றிலர். நிறையும் ஓட்டமும் கணித்துச் செய்தமையால் அது பொருந்திற்று.

இனிக் கணக்கினைக் காண்போம். நம் தெருக்களில் மிகுதியாய் ஓடும் சிறுவண்டிகளுட் பலவற்றிற்கு 185/65 ஆர் 15 என்னும் டயர் உண்டு. முதலெண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அவ்வகலத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது, உள்வட்டின் குறுக்களவு, அங்குலத்தில். கூட்டிப் பார்ப்பின் முழு விட்டம் ஏறக்குறைய 621 மி.மீ. ஆகும். பதினாறு அங்குல வட்டுக்கு மாறுவோர் 195/55 டயரைக் கொள்வாராயின் விட்டம் பெரும்பாலும் மாறாது. மெலிந்த சுவரே அழகெனக் கருதி 195/50 கொள்வோர்க்கு 20 மி.மீ. குறைந்து 601 ஆகிறது. வண்டி மேலும் 10 மி.மீ. தாழ்கிறது, வேகமானி உள்ளதினும் மிகுத்துக் காட்டுகிறது. அன்றியும், டயரின் பக்கத்திற் பொறித்த சுமைக்குறி 88 ஆயின் அது தாங்குவது 560 கிலோ. 84 ஆயின் 500 கிலோவே. கடைக்காரர் வட்டின் பளபளப்பைப் பத்து முறை காட்டுவார். இவ்விரண்டெண்ணை ஒருமுறையேனும் காட்டினால் நன்று.

விட்டம் பொருந்தினும் உராய்வு நீங்கிற்றென மகிழ்தற்கில்லை. ஆப்செட் என்றொன்று உண்டு. வட்டின்மேல் ஈடி என்னும் எழுத்துகளோடு பொறித்திருப்பர். வட்டின் நடுக்கோட்டினின்று அது அச்சோடு பொருந்தும் முகம் எத்துணை விலகியுள்ளது என்பதே அது. 6 அங்குல அகலமும் ஈடி 45-உம் உடைய வட்டை நீக்கி, 7 அங்குல அகலமும் ஈடி 35-உம் உடையதை மாட்டினால், உட்புறம் 3 மி.மீ. அளவே நகர்கிறது, வெளிப்புறமோ ஏறத்தாழ 23 மி.மீ. துருத்துகிறது. மட்கார்டின் உள்விளிம்பு அவ்விடத்திலன்றோ காத்திருக்கிறது! வாங்குமுன் ஒரு தாளிற் கூட்டிக் கழித்தால் விளங்கும் இக்கணக்கு, வாங்கியபின் பட்டறையில் இரும்பை அறைந்து விளங்குகிறது.

தாழ்த்துதலைப் பற்றி ஒரு மயக்கம் நிலவுகிறது. குட்டையான ஸ்பிரிங்கை இட்டதனால் மட்டும் சக்கரம் முன் எட்டாத உயரத்தை எட்டிவிடுவதில்லை. மேலெல்லையை வரையறுப்பது ரப்பர்த் தடையே. முன்பு பெருங்குழியில் என்றோ ஒருநாள் எட்டிய இடத்தை இப்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் எட்டுகிறது; வேறுபாடு அவ்வளவே. இதனை அறியாதார் அந்த ரப்பரையும் அறுத்தெறிவர். ஸ்பிரிங்கையும் வளையம் வளையமாக வெட்டுவர். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையினின்று நழுவவும் கூடும். இதனை யாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம்.

ஆகவே சோதனை நின்ற வண்டியில் விரல் நுழைகிறதா எனப் பார்ப்பதன்று. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ரப்பர்த் தடை அமுங்குமளவும் சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அத்துணை வசதியில்லாத பட்டறையில், மட்கார்டின் உள்ளே சிறிது களிமண்ணை அப்பி, ஐவரை ஏற்றி, உய்யக்கொண்டான் வாய்க்காற் பாலத்தின்மேல் ஒருமுறை போய்வந்தாலும் போதும். தொட்ட இடத்தை மண் காட்டும். இடைவெளி சிறிதே குறைவாயின் விளிம்பைச் சூடேற்றி உருளையால் மெல்ல மடித்தல் தகும். குளிர்ந்த தகட்டை அடித்தால் வண்ணம் வெடித்துத் துரு புகும். சக்கரத்தின் தலையை உட்சாய்த்து இடம் தேடுவாரும் உளர். டயரின் உள்விளிம்பு விரைந்து தேய்ந்து அதற்கு விலை கொடுக்கும்.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டின் திருத்தம், இசைவற்ற மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாய் தண்டமோ ஆறு திங்கள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. ஆனால் தண்டத்திற்கு அஞ்சி மட்டும் அளந்து பார்ப்போர் தண்டம் வாங்கும் காவலர் இல்லாத சாலையில் அளவாரா என்பது ஐயமே.

எம் அச்சம் வேறு. தனியே ஓட்டிப் பார்க்கும் நாளில் ஓசை மெல்லியது. உறவினர் திருமணத்திற்குப் பின்னிருக்கையில் மூவரும், பெட்டியிற் பாத்திரங்களுமாக மதுரைச் சாலையில் விரையும் நாளிலேதான் வண்டி முற்றும் அமுங்கி, தகட்டின் கூர் டயரின் பக்கச்சுவரைப் பன்முறை அறுக்கும். பக்கச்சுவர் கிழிந்த டயருக்கு ஒட்டுப்போடுதல் இல்லை. பின்னிருக்கையில் இருப்போர் அவ்வட்டைத் தேர்ந்தவரல்லர். ஈடி என்பது யாதென்றும் அறியார். எனவே சக்கரம் மாற்ற விழையும் நண்பர்காள், பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் பட்டறையாரிடம், "ஐந்து பேரை ஏற்றி, இரு பக்கமும் முழுதும் திருப்பிக் காட்டுங்கள், அண்ணே" என்று கேண்மின். காட்டத் தயங்குவாராயின் பழைய சக்கரங்களையே திரும்ப மாட்டச் சொல்லுமின்.