தீத்தொண்டர் என்றால் ஓசி ஆள் என்று அர்த்தமில்லை!

திருமானூர் ஒன்றியத் தோழர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே!

2023 அக்டோபர் 9. இந்தத் தேதியை நம்ம ஒன்றியத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது விரகாலூர் பட்டாசு ஆலை வெடித்தது. அன்றைக்கே ஒன்பது பேர் இறந்தது உறுதியானது. அடுத்தடுத்து அந்த எண்ணிக்கை இன்னும் கூடியது. அரசு நிவாரணம் அறிவித்தது. அமைச்சர்கள் வந்தார்கள். எல்லாக் கட்சிகளும் இரங்கல் சொன்னார்கள். டிவி வண்டிகள் வந்தன, போயின.

அதுக்கப்புறம்?

நாம கேட்கிற கேள்வி ஒண்ணுதான். நாளைக்கே ஏலாக்குறிச்சியிலோ, திருமழபாடியிலோ, வெற்றியூரிலோ ஒரு வீடு பற்றி எரிந்தால், தீயணைப்பு வண்டி வந்து நிற்கிற வரைக்கும் அங்கே என்ன செய்யணும்னு முறையாகக் கற்றுக்கொண்ட ஆள் எத்தனை பேர்?

"ஊரே ஓடி வரும்ல, அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள்.

வரும். ஊர் எப்பவும் ஓடி வரும். ஓடி வருகிறவனுக்குப் பயிற்சி கொடுக்காமல், கருவி கொடுக்காமல், அவனுக்கு ஏதாவது ஆனால் அவன் குடும்பத்துக்கு ஒரு வழி செய்யாமல், கடைசியில் "தியாகி" என்று ஒரு பேனர் மட்டும் வைப்பதுதான் இந்த நாட்டின் பழக்கம். அந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு.

🔥 ஓடி வந்தவர்களுக்கு என்ன நடந்தது?

2004 ஜூலை 16. கொள்ளிடம் தாண்டி, நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற கும்பகோணம். பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்துக் கீற்றில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொன்றது. அக்கம்பக்கத்து மக்கள் வெறும் கையோடு ஓடி வந்தார்கள். அவர்களிடம் மனசு இருந்தது, கருவி இல்லை.

2018 மார்ச். தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் மலையேறிப் போய் மீட்டது யார்? அந்த மலைக்கிராமத்து மக்கள்தான். போர்வையிலும் தோளிலும் தூக்கி இறக்கினார்கள்.

2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கம் முதலிப்பட்டி. பட்டாசு ஆலையில் ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. காப்பாற்றலாம் என்று ஓடி வந்தவர்கள், என்ன ஆச்சு என்று பார்க்க வந்தவர்கள். முதல் வெடிக்கு அப்புறம் அடுத்த அறை வெடிக்கும், மருந்து இருக்கிற இடத்துக்குள்ளே யாரும் போகக்கூடாது என்று சொல்லி, கூட்டத்தைத் தூரத்திலேயே நிறுத்தி வைக்கப் பயிற்சி பெற்ற பத்துப் பேர் அன்றைக்கு இருந்திருந்தால், எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்!

நல்லாக் கவனியுங்க தோழர்களே. தீத்தொண்டரின் முதல் பாடமே, எங்கே நுழையக்கூடாது என்பதுதான். பட்டாசு ஆலைத் தீயில் அவருடைய வேலை உள்ளே பாய்வது கிடையாது. கூட்டத்தை விலக்கணும், பக்கத்து வீடுகளைக் காலி செய்யணும், 101-க்குச் சரியான வழி சொல்லணும், வண்டி வரும் பாதையை மறிக்கிற பைக்கை எல்லாம் எடுக்க வைக்கணும், தீக்காயம் பட்டவருக்கு முதலுதவி செய்யணும். இதெல்லாம் பயிற்சி இல்லாமல் தானா வராது.

🔥 சட்டத்தில் நம்ம ஊர் எங்கே?

தீயணைப்பு வண்டி எவ்வளவு நேரத்தில் வரணும் என்பதற்கு நாட்டில் ஒரு அளவுகோல் இருக்கிறது. நகரத்தில் ஐந்து முதல் ஏழு நிமிடம். கிராமத்தில் இருபது நிமிடம்.

இருபது நிமிடம்! கீற்றுக் கொட்டகை இருபது நிமிடம் நிற்குமா? வைக்கோல் போர் நிற்குமா? கரும்புத் தோட்டம் நிற்குமா? அதுவும் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் வரிசை கட்டி நிற்கிற நம்ம அரியலூர் – தஞ்சாவூர் சாலையில்! வருகிற வீரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். நிலையம் எங்கே இருந்தாலும், முதல் இருபது நிமிடம் ஊர்க்காரர் கையில்தான் இருக்கிறது. அந்தக் கை வெறுங்கையாக இருக்கக்கூடாது என்கிறோம்.

இன்னொரு சேதி. அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணையில் நகராட்சிகளுக்கான 18 பொறுப்புகள் இருக்கின்றன. அதில் தீயணைப்பும் ஒன்று. ஊராட்சிகளுக்கான 11-வது அட்டவணையில் 29 இருக்கின்றன. அதில் தீயணைப்பு என்ற சொல்லே கிடையாது! நம்ம ஒன்றியத்தில் 36 ஊராட்சிகள். 36-க்கும் இதே கதைதான். ரோடு போடலாம், குடிதண்ணி கொடுக்கலாம், தெருவிளக்கு மாட்டலாம். தீப்பிடித்தால் மட்டும், "அது எங்க அதிகாரத்துல வராது."

தமிழ்நாடு முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஊராட்சிகள் ஏறக்குறைய 12,500. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க.

🔥 "இந்தக் காலத்துப் பசங்க வரமாட்டாங்கப்பா!"

இதுதான் நமக்குச் சொல்லப்படுகிற பெரிய பொய். 2018 வெள்ளத்தில் கேரளத்து மீனவர்கள் சொந்தப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள்ளே வந்தார்களே, யார் அழைப்பாணை அனுப்பினார்கள்? கொள்ளிடத்தில் ஒரு பிள்ளை முழுகுகிறது என்று குரல் கேட்டால் முதலில் குதிக்கிறவர் யார்? அக்கரையில் வலை போட்டுக்கொண்டிருந்த ஆள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்.

ஆள் வருவாங்க. ஆனால் யாரைக் கூப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாட்டசாட்டமான இளைஞர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனால், ஆறு மாதத்தில் பாதிப் பேர் திருப்பூரிலும், மீதிப் பேர் துபாயிலும் இருப்பார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குத் தீப்பிடித்தால் ஊரில் இருப்பது யார்? பெண்கள். ஆகவே மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்துதான் பட்டியலே தொடங்கணும். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர், பம்புசெட் மெக்கானிக், ஆட்டோ ஓட்டுநர், டிராக்டர் வைத்திருக்கிறவர், டீக்கடைக்காரர். இவர்கள்தான் ஊரை விட்டு நகராதவர்கள். தண்ணி எங்கே இருக்கு, எந்தச் சந்தில் வண்டி நுழையாது என்று அறிந்தவர்கள்.

இன்னொண்ணு. ஊர்த்தெருவில் மட்டும் பத்துப் பேரை எடுத்துவிட்டு, "ஊராட்சிக்குப் பத்துப் பேர்" என்று கணக்குக் காட்டக்கூடாது. நெருக்கமான வீடு, குறுகலான சந்து, வண்டி உள்ளே போக வழியில்லாத இடம் என்றால், அது பெரும்பாலும் காலனித் தெருதான். அங்கிருந்தும் சரிபாதி ஆள் வரணும். தீக்குச் சாதி தெரியாது. பட்டியல் எழுதுகிறவருக்கும் தெரியக்கூடாது.

🔥 சேர்ப்பது சுலபம். தக்க வைப்பதுதான் அரசின் சோதனை!

ஊர்க்காவல் படைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பேர் "தொண்டு". வேலை மட்டும் காவலருக்குச் சமமான வேலை. மாதத்தில் சில நாள் படி. கடைசியில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். காவலரின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்துக்கு ஈடாகும்படி நாள்படியைக் கணக்கிட்டுத் தரவேண்டும் என்று 2015-ல் தீர்ப்பே வந்தது. தொண்டு என்ற சொல்லை வைத்து உழைப்பைச் சுரண்டக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

ஒன்றிய அரசின் "ஆப்த மித்ரா" திட்டம் இருக்கிறது. 2016-ல் 30 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, பிறகு 350 மாவட்டங்கள், ஒரு லட்சம் தன்னார்வலர்கள் என்று விரித்தார்கள். 12 நாள் பயிற்சி, ஒரு பை நிறையக் கருவி, குறிப்பிட்ட காலத்துக்குக் காப்பீடு. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டாவது நாள் சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுத்த பிறகு? பதின்மூன்றாவது மாதம் அந்த ஆளை யார் கூப்பிடுவார்கள்? காப்பீட்டுக் காலம் முடிந்தபின் அவர் தீக்குள் கை வைத்தால் யார் பொறுப்பு?

கேரளத்தைப் பாருங்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு, தீயணைப்புத் துறையின் கீழேயே குடிமைப் பாதுகாப்புப் படை அமைத்தார்கள். 124 நிலையம், நிலையத்துக்கு 50 பேர், மொத்தம் 6,200 பேர் என்று திட்டம் போட்டார்கள். இதில் சூட்சுமம் எங்கே இருக்கிறது தெரியுமா? ஒவ்வொரு தொண்டரும் ஒரு நிலையத்தோடு கட்டப்பட்டிருக்கிறார். அந்த நிலையத்து அதிகாரிக்கு இவர் முகம் தெரியும், இவருக்கு அந்த வண்டியின் ஒவ்வொரு குழாயும் தெரியும். உறவு இருந்தால்தான் ஆள் நிற்பான்.

ஜப்பானில் ஊருக்கு ஊர் தீயணைப்புத் தொண்டர் குழு உண்டு. படி உண்டு. அடிபட்டால் ஈட்டுத்தொகை உண்டு. பல ஆண்டு சேவை செய்து விலகினால் விலகல் தொகையும் உண்டு. 2011 சுனாமியில் அந்தத் தொண்டர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இவ்வளவு கொடுத்தும், ஒரு காலத்தில் இருபது லட்சமாக இருந்த அந்தப் படை இன்றைக்கு எட்டு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. கொடுக்கிற நாட்டுக்கே ஆளைத் தக்க வைப்பது இந்தப் பாடு. ஒன்றுமே கொடுக்காமல், "சமூக உணர்வு இருந்தால் வாங்க" என்று கூப்பிட்டால் யார் நிற்பார்கள்?

தினக்கூலிக்குப் போகிற ஒருத்தர் பயிற்சிக்கு ஒரு நாள் வந்தால், அன்றைக்கு அந்த வீட்டில் உலை வைக்க வழி வேணும். இது பேராசை இல்லை. நியாயம்.

🔥 "அப்போ காலிப் பணியிடத்தை நிரப்பாம தொண்டரை வெச்சு ஓட்டப் பாக்குறீங்களா?"

சரியான கேள்வி. நம்ம பதில் தெளிவானது. தீயணைப்புத் துறையின் நிரந்தரப் பணியிடம் ஒன்றுகூடக் குறையக்கூடாது. காலியிடம் முழுவதும் நிரப்பப்படணும். தொண்டர் என்பவர் முதல் இருபது நிமிடத்துக்கு. வீரர் அதற்குப் பிறகான மொத்தப் போருக்கும். ஒருவரைக் காட்டி இன்னொருவர் வேலையைப் பறிக்கிற தந்திரத்தை எந்த அரசு செய்தாலும் முதலில் எதிர்த்து நிற்பது நாமாகத்தான் இருப்போம்.

🔥 "காசு எங்கே?"

நம்ம கணக்கு இது. 36 ஊராட்சி, ஊராட்சிக்குப் பத்துப் பேர், மொத்தம் 360 பேர். மாதம் ஒரு பயிற்சி நாள், அதற்கு 500 ரூபாய் படி என்றால் மாதம் 1 லட்சத்து 80 ஆயிரம். ஆண்டுக்கு 21 லட்சத்து 60 ஆயிரம். ஒரு ஒன்றியத்துக்கு இவ்வளவுதான்! காப்பீடும் கருவியும் சேர்த்தாலும் அரசுக்குக் கட்டாத தொகை இல்லை.

நம்ம மாவட்டத்து மண்ணைத் தோண்டித்தான் சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல்லுக்கு, 2015 சட்டத் திருத்தத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பணம் கட்டியாகணும். அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கானது. புழுதியைத் தின்கிற ஊருக்குத் தீயில் இருந்து பாதுகாப்பாவது அந்தக் காசில் வரட்டுமே! மாநிலங்களின் தீயணைப்புத் துறையை விரிவாக்க 2023-ல் ஒன்றிய அரசு அறிவித்த 5,000 கோடித் திட்டமும் இருக்கிறது. வண்டியும் கட்டடமும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்குள் நிற்கிற மனிதருக்கும் அதில் ஒரு பங்கு வரணும்.

✊ நம் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு ஊராட்சிக்கும் பத்துத் தீத்தொண்டர். குறைந்தது நான்கு பெண்கள். எல்லாத் தெருவுக்கும் இடம்.

2. அருகில் உள்ள தீயணைப்பு நிலையத்தோடு ஒவ்வொரு குழுவும் இணைக்கப்படணும். மாதம் ஒரு நாள் படியோடு பயிற்சி.

3. பதிவில் இருக்கும் காலம் முழுவதும் உயிர், விபத்துக் காப்பீடு. பாதியில் அறுந்து போகிற காப்பீடு வேண்டாம்.

4. ஊராட்சி அலுவலகத்தில் பூட்டி வைக்காத கருவிப் பெட்டி: கயிறு, மிதவை, தீயணைப்பான், தலைக்கவசம், கையுறை, முதலுதவிப் பொருட்கள். மேல்நிலைத் தொட்டியில் தீயணைப்புக் குழாய் மாட்டத் தனி வால்வு.

5. பட்டாசு ஆலை, கிடங்கு உள்ள ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு முறை வெளியேற்ற ஒத்திகை. எந்த அறையில் என்ன இருக்கிறது என்ற விவரம் தீயணைப்பு நிலையத்தின் கையில் இருக்கணும்.

6. ஐந்து ஆண்டு சேவை செய்த தொண்டருக்குத் தீயணைப்புத் துறை வேலைவாய்ப்பில் முன்னுரிமை மதிப்பெண்.

தோழர்களே, ஏப்ரல் 14-ஐத் தீயணைப்புத் துறை "தீத்தொண்டு நாள்" என்று கடைப்பிடிக்கிறது. 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர் கொடுத்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள் அது. எவ்வளவு அழகான சொல், தீத்தொண்டு! அந்தச் சொல்லில் இருக்கிற தொண்டும், கட்சிக்காரர்கள் நாம் நம்மை அழைத்துக்கொள்கிற "தொண்டர்" என்ற சொல்லும் ஒரே வேர்தான். கொடி கட்டுவதும் கோஷம் போடுவதும் மட்டும் தொண்டாகிவிடாது. பக்கத்து வீடு எரியும்போது என்ன செய்யணும்னு தெரிந்து வைத்திருப்பதும் தொண்டுதான்.

வேலை இன்றைக்கே தொடங்குது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் 36 ஊராட்சியிலும் இந்தக் கோரிக்கை தீர்மானமாக வரணும். "அது எங்க அதிகாரத்துல இல்ல" என்று எழுதாமல் தட்டிக் கழித்தால், எழுதச் சொல்லி உட்காருங்கள். தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். கிளைச் செயலாளர்கள் தத்தம் ஊரில் விருப்பமுள்ளவர்கள் பட்டியலை எழுதி ஒன்றிய அலுவலகத்தில் சேர்க்கணும். எந்தக் கட்சி, எந்தக் கொடி என்று கேட்கவே வேண்டாம். தண்ணி ஊற்ற வருகிறவரிடம் யாரும் உறுப்பினர் அட்டை கேட்பதில்லை.

உங்கள் ஊரில் பட்டியல் தொடங்கியாச்சா? ஊர் பேரைக் கீழே போடுங்க.

#ஊருக்குப்பத்துத்தீத்தொண்டர்
#தொண்டருக்கும்காப்பீடு
#திருமானூர்
#அரியலூர்